பெரிய வெள்ளியை வீட்டிலேயே அனுசரிப்பது எப்படி

பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திருகோணமலையின் ஆலயங்கள் நிரம்பியிருக்கும் வேளையில், வீட்டிலேயே தங்கிவிட வேண்டியவர்களும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் அம்மம்மா, அவரைப் பராமரிக்கும் மகள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்பிய தாதி, சித்திரை வெயிலில் வெளியே போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்ட இதய நோயாளி ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெரிய வெள்ளி கத்தோலிக்கத் திருச்சபையில் கடன் திருநாள், அதாவது திருப்பலிக்குக் கட்டாயம் போகவேண்டிய நாள், அல்ல. அன்று திருப்பலியும் இல்லை. ஆகவே வீட்டில் இருப்பவர் எந்தக் கட்டளையையும் மீறியவர் ஆகமாட்டார். ஆனாலும் எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் இருக்கிறேன் என்ற மனக்குறை வருவது இயல்புதான். அந்தக் குறையோடு தொலைக்காட்சியின் முன் நாளைக் கழித்துவிடாமல், அந்த நாளின் முழுக் கனத்தையும் வீட்டுக்குள்ளேயே உணர வழி உண்டு. நோயாளி இருக்கும் அறையையே வீட்டின் ஆலயமாகக் கருதி, மற்ற எல்லா ஏற்பாட்டையும் அதைச் சுற்றியே செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதில் நான் வற்புறுத்த விரும்புவது.

இது நம் முன்னோருக்குப் புதியதும் அல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், குருக்கள் இல்லாமல், ஆலயங்கள் இல்லாமல், இலங்கைக் கத்தோலிக்கர் தங்கள் வீடுகளில்தான் விசுவாசத்தைக் காத்து வந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த புனித யோசப் வாஸ் அடிகளார், இரவில் வீடுகளில் மறைவாகக் கூடிய மக்களுக்கே திருப்பலி நிறைவேற்றினார். நம் காலத்திலும் 2020ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி, ஏப்ரல் 10ஆம் திகதி, கொரோனாத் தொற்றின் காரணமாகப் பொது வழிபாடு எதுவுமின்றி வீடுகளிலேயே கழிந்தது. அப்போது பல குடும்பங்கள் தற்செயலாகக் கற்றுக்கொண்டதைத் திட்டமிட்டுச் செய்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம்.

வீட்டில் அமைதியான பெரிய வெள்ளி வேண்டுமானால் அதை வியாழக்கிழமையே உண்டாக்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் தேங்காய் இல்லை, மெழுகுதிரி இல்லை, மாத்திரை முடிந்துவிட்டது என்று ஒருவர் கடைக்கு ஓடினால் அந்த நாள் அங்கேயே சிதறிவிடும். அது அரச விடுமுறை நாளும் வங்கி விடுமுறை நாளும் ஆகையால், பணம் எடுப்பது முதல் மருந்து வாங்குவது வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. வீடு கூட்டுவது, துணி துவைப்பது, முற்றம் பெருக்குவது எல்லாம் பெரிய வியாழன் மதியத்துக்குள் முடியட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சகோதரங்களுக்கும் வியாழன் இரவே அழைப்பெடுத்து, மறுநாள் மாலை வரை அழைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் நேரம் வேறு என்பதால், இப்படிச் சொல்லாவிட்டால் செபத்தின் நடுவில்தான் கைத்தொலைபேசி அடிக்கும்.

அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் திருப்பாடுகளின் வழிபாட்டின்போது மட்டுமே நற்கருணை வழங்கப்படும். ஆனால் வழிபாட்டுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அன்றைய நாளின் எந்த நேரத்திலும் அதைக் கொண்டுசெல்லத் திருச்சபை அனுமதிக்கிறது. ஒப்புரவு அருளடையாளமும் நோயில் பூசுதலும்கூட அன்று தடையல்ல. இதை அறியாமல், கேட்கத் தயங்கி, வருடக்கணக்காக நற்கருணை இல்லாமலே பெரிய வெள்ளியைக் கழித்த முதியவர்கள் இருப்பது மனத்துக்கு வேதனையாக இருக்கிறது. புதன்கிழமைக்குள் பங்குத் தந்தையிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரத்தில் அவருக்கு இருக்கும் வேலைச்சுமையில் வெள்ளி காலையில் சொன்னால் வர இயலாமல் போகலாம். கட்டிலருகே ஒரு சிறு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), ஒரு மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர் ஆகியவை இருந்தால் போதும்.

செபிக்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்ததும் ஆலயத்தில் பீடத்தின் துணிகள் அகற்றப்பட்டு அது வெறுமையாக விடப்படுகிறது. வீட்டிலும் அதையே செய்யலாம். சுரூபங்களின் முன்னால் உள்ள பூக்களையும் கடதாசிப் பூமாலைகளையும், முக்கியமாக இரவும் பகலும் மினுங்கும் மின்குமிழ்களையும் எடுத்துவிட்டு, படங்களை ஊதாத் துணியால் மூடி, நடுவில் பாடுபட்ட சுரூபத்தை மட்டும் வையுங்கள். அந்தச் சுரூபத்தைச் சுவரிலிருந்து கழற்றும்போது, குருத்தோலை ஞாயிறன்று அதன் பின்னால் செருகிய ஓலை வாடிக் காயத் தொடங்கியிருக்கும். அதைப் பக்குவமாக எடுத்து விவிலியத்துக்குள் வையுங்கள். மரச் சிலுவையை ஈரமில்லாத பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கைகளும் கால்களும் ஆணியோடு சேரும் இடத்தில் ஒரு வருடத்துத் தூசி படிந்திருக்கும். அதற்கு வேப்பங்குச்சியின் நுனியில் துணி சுற்றித் துடைக்க வேண்டும். பித்தளை மெழுகுதிரித் தாங்கியைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக் கழுவலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டின் மூத்தவர் அருகில் இருந்து சொல்லிக்கொடுப்பதே சிறப்பு. அந்தச் சுரூபம் யாருடைய கலியாணத்துக்கு வந்தது, இடப்பெயர்வின்போது யாருடைய பையில் போனது, கடைசியாக யாருடைய மரணப் படுக்கையில் கையில் கொடுக்கப்பட்டது என்ற கதைகள் அப்போதுதான் வாயிலிருந்து வரும்.

இனி உணவு. பெரிய வெள்ளி ஒருசந்தி நாளும் (உணவைக் குறைத்து நோன்பிருப்பது) சுத்தபோசன நாளும் (இறைச்சியைத் தவிர்ப்பது) ஆகும். திருச்சபைச் சட்டத்தின்படி 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை ஒருசந்தி இருக்க வேண்டும். ஒரு முழுச் சாப்பாடும், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வராத இரு சிற்றுணவுகளும் அன்று அனுமதிக்கப்படுகின்றன. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் இது கட்டுப்படுத்தாது. நீரிழிவுக்கு இன்சுலின் எடுக்கும் தாத்தா ஒருசந்தி இருந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், வைத்தியர் சொன்ன நேரத்தில் சாப்பிடுவதுதான் அவருடைய கீழ்ப்படிதல் என்று அன்போடும் உறுதியோடும் எடுத்துச் சொல்லுங்கள். தண்ணீர் குடிப்பது ஒருசந்தியை முறிக்காது. ஏப்ரல் 5 முதல் 15 வரையிலான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் இருக்கும்; திருகோணமலையில் அந்த வெயிலின் கடுமை நமக்குத் தெரியும். ஆகவே எல்லோரும், குறிப்பாக முதியவர்கள், அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும்.

மீனைச் சட்டம் விலக்கவில்லை. ஆயினும் நம் வீடுகள் பலவற்றில் அன்று மீனும் சமைப்பதில்லை. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவும் அன்று கடலுக்குப் போவதில்லை. முழு நாளுக்கும் கஞ்சியே பொருத்தமான உணவு என்பது என் எண்ணம். அது எளிமையானது, நோயாளியும் குழந்தையும் அதையே சாப்பிடலாம், அடுப்படியில் ஒருவர் நாள் முழுவதும் நிற்கவும் தேவையில்லை. நான்கு பேருக்கு ஒரு சுண்டு சிவப்புப் பச்சையரிசியும் கால் சுண்டு பயறும் போதும். பயற்றை வியாழக்கிழமையே வாசம் வரும்வரை வறுத்து, உடைத்துக் கோது நீக்கி வைத்துவிடுங்கள். வெள்ளி காலையில் எட்டுச் சுண்டு தண்ணீரில் பயற்றைப் பாதி வேகவிட்டு, கழுவிய அரிசியும் நாலைந்து பல் உள்ளியும் சேர்த்து, அரிசி மலர்ந்து குழையும்வரை மெல்லிய நெருப்பில் விடவேண்டும். பின்னர் அரைத் தேங்காயின் கப்பிப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, கடைசியாக முதற்பாலைச் சேர்த்ததும் இறக்கிவிடுங்கள். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல் ஒன்றே அதற்குப் போதும். இரண்டு கறி, ஒரு பொரியல், ஓர் அப்பளம் என்று நீட்டினால் மரக்கறி விருந்தாகிவிடும். சுத்தபோசனத்தின் நோக்கம் அதில் கரைந்துபோகும்.

அமைதி என்றதும் ஊர் முழுவதும் நமக்காக அமைதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. இது கோணேசர் கோயிலும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் அருகருகே இருக்கும் ஊர். பங்குனி, சித்திரை மாதங்களில் கோயில் ஒலிபெருக்கிகள் ஒலிக்கும். 2017இல் பெரிய வெள்ளியும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் 14ஆம் திகதி ஒன்றாகவே வந்தன. 2022இல் புத்தாண்டின் மறுநாள் பெரிய வெள்ளி. அப்படிப்பட்ட வருடங்களில் அயல்வீட்டார் பலகாரத் தட்டோடு வந்தால் மலர்ந்த முகத்தோடு வாங்கி, உயிர்ப்பு ஞாயிறன்று சாப்பிடுவோம் என்று சொல்லி மூடிவையுங்கள். நாம் ஒருசந்தி என்பது அவர்களுக்குப் புரியும். விரதம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பெரிய வெள்ளி எப்போதும் வெள்ளிக்கிழமையிலேயே வருவதால், நண்பகல் கழிந்ததும் ஜும்மாத் தொழுகைக்கான பாங்கொலியும் கேட்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல், அந்த ஒலி கேட்டதும் ஆண்டவர் சிலுவையில் தொங்கிய மூன்று மணி நேரம் தொடங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்தலாம். நாம் அடக்க வேண்டிய சத்தங்கள் நம் வீட்டுக்குள் இருப்பவைதான்: தொலைக்காட்சி, வானொலி, கைத்தொலைபேசி, உரத்த பேச்சு. ஆலயத்தில் வியாழன் மாலை வானவர் கீதத்தின்போது ஒலிக்கும் மணிகள் பாஸ்கு இரவு, அதாவது சனிக்கிழமை இரவின் உயிர்ப்பு வழிபாடு, வரை மீண்டும் ஒலிப்பதில்லை. வீட்டில் தொலைபேசி மணியையும் அதே நேரம் நிறுத்திவிடலாம். வீட்டில் நோயாளி இருப்பதால் முழுவதும் அணைத்துவிட முடியாது என்றால், அவசரத்துக்காக ஒரே ஒரு தொலைபேசியை மட்டும் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வெயில் ஏறுமுன் சிலுவைப் பாதையை முடித்துவிடுவது நல்லது. 14 நிலைகளின் படங்கள் இல்லாவிட்டால், 14 துண்டுக் கடதாசியில் பிள்ளைகள் சிலுவை வரைந்து எண் எழுதினால் போதும். அவற்றை எங்கே ஒட்டுவது என்பதில்தான் வீட்டின் சிந்தனை இருக்கிறது. பிலாத்துவின் தீர்ப்பைப் படலையடியில் வைக்கலாம். தாயைச் சந்திக்கும் நான்காம் நிலைக்கு வீட்டு வாசற்படி பொருந்தும். சிரேனே ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்கும் ஐந்தாம் நிலைக்கு, அன்றாடம் வாளி சுமக்கும் கிணற்றடி. வெரோணிக்காவின் ஆறாம் நிலைக்குத் துணி காயப்போடும் கொடி. எருசலேம் பெண்கள் அழும் எட்டாம் நிலைக்குக் குசினி வாசல். உடைகள் களையப்படும் பத்தாம் நிலைக்கு உடுப்பு அலுமாரி. அங்கே நின்று செபித்தபின், உடுக்காமல் மடித்தே கிடக்கும் உடுப்புகளை எடுத்துத் தேவைப்படுகிறவருக்கென்று ஒரு பையில் போட்டு வைப்பது நல்ல வழக்கம். பன்னிரண்டாம் நிலை பாடுபட்ட சுரூபத்தின் முன். மகனின் உடல் தாயின் மடியில் கிடத்தப்படும் பதின்மூன்றாம் நிலையை நோயாளியின் கட்டிலருகே வைத்து, எல்லோரும் அந்த அறைக்குள் வந்து முழங்காற்படியிடுங்கள். நடக்கவே முடியாதவர் தனியாக இருந்தால், கையில் ஒரு சிறு சிலுவையைப் பிடித்தபடி படுக்கையிலிருந்தே 14 நிலைகளையும் சொல்லலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

நான்காம் நிலையிலும் பதின்மூன்றாம் நிலையிலும் அவசரப்பட வேண்டாம். போரிலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையிலும் பிள்ளைகளை இழந்த தாய்மார் நம் மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். உடலைக்கூட மடியில் வைத்து அழக் கிடைக்காதவர்கள் அவர்களில் உண்டு. அந்த இரண்டு நிலைகளிலும் வீட்டில் இறந்தவர்களின், காணாமல் போனவர்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிச் செபியுங்கள். யாராவது அழுதால் அழட்டும். ஆறுதல் வார்த்தை சொல்லி அதை உடனே நிறுத்த முற்படாதீர்கள். பெரிய வெள்ளி அழுவதற்கு அனுமதி உள்ள நாள்.

நண்பகல் முதல் மூன்று மணி வரை வீடு உண்மையாகவே அமைதியாக இருக்கட்டும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பங்களுக்கு இது சிலுவையில் ஆண்டவர் மொழிந்த ஏழு வார்த்தைகளின் மும்மணி நேரம். லூக்கா 23இல் மூன்றும், யோவான் 19இல் மூன்றும், மத்தேயுவிலும் மாற்குவிலும் வரும் ஒன்றுமாக அந்த ஏழையும் ஒரு தாளில் எழுதிவைத்து, ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களுக்கு ஒன்றை வாசித்து மௌனமாக இருக்கலாம். ‘தாகமாயிருக்கிறேன்’ என்ற வார்த்தை வரும்போது நோயாளியின் உதடுகளைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். கத்தோலிக்கரும் இதைத் தாராளமாகச் செய்யலாம். சிறுபிள்ளைகளை மூன்று மணி நேரம் உட்காரவைக்க முயல்வது வீண். அவர்கள் தூங்கட்டும், அல்லது விறாந்தையில் இருந்து வரையட்டும்.

மூன்று மணிக்கு ஆலயத்தில் வழிபாடு தொடங்கும்போது நீங்களும் தொடங்குங்கள். நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பதில் தவறில்லை. பார்ப்பதானால் எழவேண்டிய இடத்தில் எழுந்து, முழங்காற்படியிட வேண்டிய இடத்தில் முழங்காற்படியிட்டு, பதில்களைச் சொல்லிப் பங்குபற்றுங்கள். ஆனால் வீட்டாரே தம் வாயால் வாசிப்பதையே நான் விரும்புகிறேன். ஆலயத்தில் வாசிக்கப்படும் அதே பகுதிகள் இவை: எசாயா 52:13 முதல் 53:12 வரை, திருப்பாடல் 31, எபிரேயர் 4:14-16, 5:7-9, பின்னர் யோவான் நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்கள். பாடுகளின் வரலாற்றை ஒருவர் விவரிப்பவராகவும், ஒருவர் இயேசுவாகவும், மற்றவர்கள் பேதுரு, பணிப்பெண், பிலாத்து, மக்கள் கூட்டம் எனவும் பிரித்துக்கொள்ளலாம். இயேசுவின் வார்த்தைகளை நோயாளியிடம் கொடுங்கள். அவை அளவில் குறைவு. வரிகளுக்கு நடுவே இளைப்பாற நேரமும் கிடைக்கும். மெலிந்த குரலில் அவை வரும்போது கேட்பவர்களுக்கு அவற்றின் பொருள் வேறுவிதமாகவே விளங்கும். ஆண்டவர் உயிர்விடும் இடத்தில், 19:30இல், எல்லோரும் முழங்காற்படியிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருக்க வேண்டும்.

அடுத்து ஆலயத்தில் பத்து மன்றாட்டுகள் இடம்பெறும்: திருச்சபை, திருத்தந்தை, திருநிலையினரும் இறைமக்கள் அனைவரும், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோர், கிறிஸ்தவ ஒன்றிப்பு, யூத மக்கள், கிறிஸ்துவை ஏற்காதவர்கள், கடவுளை ஏற்காதவர்கள், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர். வருடத்தில் இந்த ஒரு நாளில்தான் திருச்சபை இவ்வளவு விரிவாக, யாரையும் விட்டுவிடாமல் மன்றாடுகிறது. வீட்டில் ஒவ்வொன்றையும் ஒருவர் சொந்த வார்த்தையில் சொல்லலாம். கிறிஸ்துவை அறியாதவர்களுக்காக என்று பொதுவாகச் சொல்வதைவிட, வலப்பக்க வீட்டாரையும் இடப்பக்க வீட்டாரையும் அவர்களின் நோயையும் பிள்ளைகளின் பரீட்சையையும் சொல்லி மன்றாடுவது மேலானது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களில் கொல்லப்பட்டவர்களையும், காயங்களோடு வாழ்பவர்களையும் கடைசி மன்றாட்டில் மறக்க வேண்டாம்.

சிலுவை முத்தி செய்வதற்கு, பாடுபட்ட சுரூபத்தை இப்போது ஊதாத் துணியால் மூடி, ஒருவர் அதை உயர்த்திப் பிடித்து, முதலில் மேற்பகுதியையும், பின் வலக்கையையும், பின் முழுவதையும் திறக்கட்டும். அதன்பின் சிலுவை முதலில் போக வேண்டியது கட்டிலுக்கு. “அம்மம்மா, நீங்கள் முதல் முத்தி செய்யுங்கோ” என்று பேரப்பிள்ளை சுரூபத்தை அவருடைய உதட்டுக்கு நேரே பிடிக்கட்டும். எழும்ப முடியாதவரை எழுப்ப வேண்டாம். பிறகு மற்றவர்கள் வயது வரிசையில் வரலாம். தொற்றுநோய் உள்ளவர் இருந்தால் கையால் தொட்டு வணங்கினாலே போதும். அன்றைய காணிக்கை புனித பூமிக்கு அனுப்பப்படுவது. அதை உறையில் இட்டு ஆலயத்துக்குப் போகிறவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

மாலையில் துக்கத் தேவ இரகசியங்களைச் சொல்லிச் செபமாலை செபிக்கலாம். வீட்டில் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் பழைய வியாகுலப் பிரசங்கப் புத்தகம் இருந்தால், அதில் ஒரு பகுதியை ராகத்தோடு வாசிக்கத் தெரிந்த மூத்தவரிடம் கொடுங்கள். வாஸ் அடிகளாரைப் பின்தொடர்ந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது. அந்த ராகம் அறிந்தவர்கள் குறைந்துகொண்டே போவதால், அவர் அனுமதித்தால் பிள்ளைகளில் ஒருவர் கைத்தொலைபேசியில் அதைப் பதிவுசெய்து வைக்க வேண்டும். அன்று தொலைபேசியை எடுப்பதற்கு இது தகுந்த காரணம். இரவுச் சிற்றுணவுக்குப் பாணும் வெறுந்தேநீரும் போதுமானவை. நோயாளிக்கு வழக்கமான சாப்பாட்டையும் மருந்தையும் வழக்கமான நேரத்தில் கொடுத்து, அவருக்குத் துணையாக நாள் முழுவதும் இருந்தவரை அன்று இரவாவது முழுமையாகத் தூங்கவிடுங்கள். இன்னொருவர் காவல் இருக்கலாம்.

பெரிய சனியன்று பொது விடுமுறை இல்லாததாலும், ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் கறி வாங்க எல்லோரும் கிளம்புவதாலும், வெள்ளியின் அமைதி பெரும்பாலான வீடுகளில் காலை எட்டு மணிக்கே கலைந்துவிடுகிறது. சந்தைக்குப் போகிறவர் போய்வரட்டும். ஆனால் சுரூபங்களின் மூடிய துணிகளை எடுக்கவோ தொலைக்காட்சியைப் போடவோ பாஸ்கு இரவு வரை பொறுத்திருங்கள். அந்த இரவு வழிபாட்டுக்குப் போகிறவர் ஒருவரிடம் கழுவிக் காயவைத்த ஒரு போத்தலையும் ஒரு மெழுகுதிரியையும் மாலையிலேயே கொடுத்து, புதிதாக மந்திரித்த தீர்த்தத்தை நிரப்பி வரவும், வழிபாட்டில் பாஸ்குத் திரியிலிருந்து பற்றவைத்த அந்த மெழுகுதிரியைக் கொண்டுவந்து நோயாளியின் மேசையில் வைக்கவும் சொல்லிவையுங்கள். அவர் திரும்பி வர நள்ளிரவு கடக்கலாம் என்பதால், படலையைப் பூட்டாமல் வைக்க வேண்டியது யார் என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.